பிலோமியின் தலைகீழ்ப் பலகை

ஃபிலோமினா இறந்த செய்தி வந்தபோது, மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் என்ஜின் அறைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். படகுகளுக்கு ஒயரிங் செய்வது என் தொழில். தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் ஜெபா கைப்பேசியில் அழைத்தான்.

"அண்ணாச்சி, பிலோமி அக்கா ஆபீஸ் படியேறும்போது மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

"சரி, இந்த ஒயர முடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டேன். கையிலிருந்த இணைப்பை முறுக்கி, பற்றவைத்து, மேலே டேப் சுற்றினேன். சுற்றிய டேப்பின் மேலேயே இன்னொரு தடவை சுற்றினேன். பிறகு படகின் மேல்தளத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பக்கத்துப் பெரிய துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல் ஒன்று சங்கு ஊதியது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமி ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்த்தார். எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பலில் எந்த வரிசையில் ஏற வேண்டும் என்று பட்டியல் போடுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்று, பாட்டுக்கு அடியில் கனத்த தாழ்ந்த சுரம் கொடுக்கும் பேஸ் கிட்டார் வாசித்தார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, யாருக்கும் தெரியாமல் வாசிப்பார். பேஸ் நின்றுபோனால்தான் அப்படி ஒன்று இருந்ததே நமக்குத் தெரியும். அவரும் அப்படித்தான் என்று எழுத வேண்டியதாகிவிட்டது.

என்னிடம் அவர் வந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு. காய்கறிப் பைக்குள் துண்டில் சுற்றி ஐந்து சின்ன இரும்புப் பெட்டிகளைக் கொண்டு வந்திருந்தார்.

"ராசு அண்ணாச்சி நீங்கதானா? உப்புக்காத்துக்கு அசையாம ஒயரிங் செய்வீங்கன்னு சொன்னாங்க."

"செய்வேன் மேடம். எந்த போட்டு?"

"போட்டு இல்ல. பேஸ் கிட்டாருக்கு. மேடம்லாம் ஆபீஸோட போகட்டும், பிலோமின்னு கூப்பிடுங்க."

கிட்டாரிலிருந்து வரும் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் இந்தப் பெட்டிகளுக்குள் நுழைந்து போகும். காலால் அழுத்தினால் வேலை செய்யும் என்பதால் பெடல் என்கிறார்கள். ஒன்று சுருதி பார்க்கும். ஒன்று சத்தத்தை ஏற்ற இறக்கமில்லாமல் பிடித்துவைக்கும். ஒன்று கரகரப்பாக்கும். ஒன்று ஒரு குரலை இரண்டு மூன்றாக்கும். ஒன்று பெரிய கோயிலுக்குள் ஒலிப்பதுபோல இழுத்துக்கொண்டு போகும். ஐந்தையும் ஒரு பலகையில் வரிசையாகப் பதித்து, குட்டை ஒயர்களால் இணைத்து, மின்சாரம் கொடுத்துவிட்டால் அதுதான் பெடல் போர்டு. அன்றுவரை இதெல்லாம் எனக்குத் தெரியாது. படகில் இல்லாத சாமானை நான் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?

வேலையை ரசித்துத்தான் செய்தேன். படகு கட்டும் இடத்தில் மிஞ்சிய மரைன் பிளைவுட்டை வாங்கி, இழைத்து, வார்னிஷ் அடித்தேன். இரைச்சல் வரக்கூடாது என்று ஐந்துக்கும் தனித்தனி மின்வழி கொடுத்தேன். வரிசையை மட்டும் அவர் சொன்னார், அலுவலகப் பட்டியல் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார்.

"கடைசியா இறங்குறது அடியில முதல்ல ஏறணும் அண்ணாச்சி. இழுக்குற பெட்டிதான் கடைசிவரைக்கும் கேக்கும். அதனால அது முதல்ல."

இருபது வருடம் கப்பலுக்குச் சரக்கு அடுக்கியவர் சொல்கிறார், நான் என்ன மறுத்துப் பேசுவது? அப்படியே பதித்தேன். படகுக்காரன் புத்தி விடுமா? ஒவ்வொரு இணைப்பின் மேலும் கறுப்பு எப்பாக்ஸி பசையைப் பூசி மூடிவிட்டேன். எங்கள் கடற்கரையில் திறந்து கிடக்கும் செம்புக்கம்பி நாலு மாதத்தில் பச்சை பூத்துப்போகும். மீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லா வழியும் சரியாக இருந்தது. கிட்டாரை மாட்டிக் கேட்கத் தோன்றவில்லை. படகில் நாங்கள் எதையும் காதால் சோதிப்பதில்லை.

ஞாயிறு மதியம் பயிற்சியில்தான் அது முதன்முதலாக ஒலித்தது. பிலோமி ஒரு கம்பியைத் தட்டினார். சத்தம் வந்தது, ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கலங்கிய தண்ணீருக்குள் ஏதோ பெரிதாகப் புரண்டு படுத்ததுபோல இருந்தது. ஜெபா குனிந்து பலகையைப் பார்த்தான்.

"அக்கா, இது தலைகீழா இருக்கு. கரகரப்புக்குப் பிறகுதான் இழுக்குறது வரணும். சரக்கு ஏத்துற மாதிரி அடுக்கி வச்சிருக்கீங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "ஏலே, நீ எத்தன போட்டுக்கு ஒயரிங் செஞ்சிருக்க?" என்று கத்தினேன். தேவாலயத்துக்குள் கத்தியிருக்கக் கூடாது. அதைவிட, அவன் சொன்னது சரி என்று கத்தும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உளி வைத்துப் பெயர்க்கலாம், ஆனால் பசையோடு பெட்டிகளும் சேர்ந்து உடையும். எல்லாவற்றையும் புதிதாக வாங்கித் தருகிறேன் என்றேன்.

பிலோமி நான் சொன்னதைக் கேட்கவே இல்லை. "கொஞ்சம் இருங்க. அந்த நாலாம் கம்பிய நீங்க தட்டுங்க" என்று கிட்டாரை என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். நான் தட்டினேன். இன்னொரு தடவை என்றார். தட்டினேன். மதிய வெயில் கண்ணாடி ஜன்னல் வழியாக நீலமாக அவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, "இதத்தான் எங்கப்பா சொன்னாங்களோ என்னமோ" என்றார்.

அவருடைய தந்தை சூசைப் பெரியவர் அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர். கல்லைக் காலில் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியவர். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து இரண்டு இழுப்பு இழுத்தால், தூக்கு என்று அர்த்தம். மூழ்கி மூழ்கியே இரண்டு காதும் போய்விட்டன. காது முழுவதும் அடைபடுவதற்கு முன்பு, சிறுமியாக இருந்த மகளிடம் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிலோமி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்: "கீழ போனா லாஞ்சு என்ஜின் சத்தம் காதுல கேக்காது மக்கா. உன் நெஞ்சுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். பயமே இருக்காது."

அப்பா எங்கே போய் வந்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதை அப்பாவுக்கே ஒருமுறை திருப்பிக் கொடுக்க வேண்டும். பிலோமி பேஸ் கிட்டார் எடுத்ததே அதற்காகத்தான். பெருமைக்காக அல்ல, மேடைக்காக அல்ல.

பலகை பிலோமியின் வீட்டுக்குப் போனது. மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் போவேன். இணைப்புகளைத்தான் பசையால் மூடியிருந்தேன், பெட்டிகளின்மேல் கூட்டவும் குறைக்கவும் இருக்கும் திருகுகள் திறந்தே இருந்தன. நான் நாலாம் கம்பியைத் தட்டுவேன். எனக்குத் தெரிந்த வாசிப்பு அது ஒன்றுதான். பிலோமி திருகுகளைத் திருப்புவார். பெரியவர் ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் இல்லை என்று தலையை ஆட்டுவார்.

"இது மேல உள்ள சத்தம்" என்பார். தண்ணீருக்கு மேலே கேட்பது, கீழே கேட்டது இல்லை என்று அர்த்தம்.

மூன்று வருடம் இதே பதில்தான். கரகரப்பைக் கூட்டினோம், இழுப்பைக் கூட்டினோம். பெரிய ஸ்பீக்கர் கொண்டுவந்தோம், பக்கத்து வீட்டில் பாத்திரம் அதிர்ந்தது. ஒருநாள் பெரியவர், "கிட்ட வந்துட்ட" என்றார். பிலோமி எழுந்து ஓடிப்போய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார், சந்தோஷத்தில் சீனி போடவில்லை. நானும் சொல்லாமல் குடித்தேன். அந்த ஞாயிறுகளில் அந்த வீட்டுக்குள் நேரம் மெல்ல ஓடும். வெளியே வந்தால் தெரு, வெயில், லாரிகள் எல்லாம் எனக்குக் கொஞ்சம் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு கைப்பேசியில் பேசினார். "அண்ணாச்சி, திருகெல்லாம் வேற மாதிரி திருப்பி வச்சிருக்கேன். இன்னும் அப்பாட்ட காட்டல. ஞாயித்துக்கிழம நீங்க வந்து தட்டுங்க, நான் அப்பா முகத்தப் பாக்கணும்" என்றார். அவர் இறந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவரை அடக்கம் செய்தோம்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. ஜெபா வாசலில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். பெரியவர் உள்ளறையில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைக் கண்டதும் தன் உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்தார். இன்றைக்கா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு சுவிட்சைப் போட்டேன்.

அப்போதுதான் திருகுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். நாங்கள் மூன்று வருடமாகக் கூட்டிக்கொண்டே போன கரகரப்பை அவர் ஏறக்குறைய முழுவதும் குறைத்திருந்தார். சத்தத்தையும் பாதிக்குக் கீழே இறக்கியிருந்தார். ஆழம் என்றால் பலம் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு திருகையும் நான் தொடவில்லை. கிட்டாரை மடியில் வைத்து, நாலாம் கம்பியைத் தட்டினேன்.

அறை நிறைந்தது என்று சொல்ல முடியாது, அவ்வளவு மெதுவான சத்தம். என் நெஞ்செலும்புக்குள்ளிருந்து புறப்பட்டு வெளியே போனதுபோல இருந்தது. பெரியவர் கண்ணை மூடினார். "இது மேல உள்ள சத்தம்" என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டவில்லை. மறுபடி தட்டினேன். சத்தம் நீண்டு, மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அவருடைய இன்னொரு கை தரையில் எதையோ தேடியது. கிட்டாரிலிருந்து பலகைக்குப் போகும் ஒயர் விரல்களில் தட்டுப்பட்டது. அதைப் பிடித்து, மெதுவாக, இரண்டு தடவை இழுத்தார்.

கயிற்றைப் பிடித்திருந்தவன் நான் என்பதால், கம்பியின்மேல் விரலை வைத்துச் சத்தத்தை நிறுத்தினேன். பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் மகளுக்காக வாய்விட்டு அழுதார்.

பிலோமி, நீங்கள் பார்க்க வேண்டும் என்று சொன்ன முகத்தை உங்களுக்காக நான் பார்த்தேன். அதில் பயமே இல்லை. போய் வாருங்கள், தங்கச்சி.