எறும்பு வேகத்தில் பிரேசில்

எங்கள் வீட்டில் தந்தி தட்டுகிற மோர்ஸ் சாவி இப்போது செய்தித்தாள் பறக்காமலிருக்க வைக்கிற பாரம். பித்தளை கறுத்துவிட்டது. பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. யுத்தத்துக்கு முன்பு, காக்ஸ் டவுன் வீட்டின் பின்னறையில், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் என் வீட்டுக்காரர் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். லைசென்ஸ் வாங்கி, தானே பாகம் பாகமாகப் பொருத்திய வானொலிக் கருவி. புள்ளியும் கோடுமாகத் தட்டி உலகத்தோடு பேசுவார். மனுஷர் குடியிருக்கிற கண்டங்களில் ஐந்தோடு பேசியாயிற்று. தென் அமெரிக்கா மட்டும் பாக்கி. அந்த ஏக்கத்தில் மனுஷனுக்குச் சோறு இறங்காது. ஹெட்போனின் ஒரு காதைக் கழற்றி எனக்குத் தருவார். கேட்டுக் கேட்டே எனக்கும் அந்தப் பாஷை புரிந்துவிட்டது.

அந்த உலகத்தில் மரியாதைகள் ஏராளம். பேச ஆரம்பித்தவரை விடைபெறாமல் விட்டுப் போகக்கூடாது. கூப்பிட்டவர் எந்த வேகத்தில் தட்டுகிறாரோ, அந்த வேகத்தில்தான் பதில் தட்ட வேண்டும். இவருக்கு அதெல்லாம் வேதவாக்கு.

ஒரு சாயங்காலம் கொழும்பிலிருந்து ஒரு கற்றுக்குட்டி கூப்பிட்டார். எறும்பு ஊர்கிற வேகம். அதிலும் தப்பு, மறுபடி முதலிலிருந்து. இவரும் எறும்பாகப் பதில் தந்துகொண்டிருந்தார். அப்போது அதன் அடியில், மெல்லியதாக, வேறொருவர் தன் நாட்டுக் குறியோடு படபடவென்று பொது அழைப்பு விடுவது என் காதில் விழுந்தது. பிரேசில்!

“ஐயோ, பிரேசிலுங்க! இந்த ஆளை விடுங்க!” என்று தோளை உலுக்கினேன்.

“பேசிக்கிட்டிருக்கிறவர் மூஞ்சியில கதவைச் சாத்தச் சொல்றியா? சும்மா இரு.”

பிரேசில் அடங்கிவிட்டது. வந்த கோபத்தில் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். கொழும்புக்காரர் ஒருவழியாக விடைபெற்றார் போலிருக்கிறது, “ஏய், இங்க வா!” என்று ஒரு கத்தல். ஓடினேன். பிரேசில்காரர் எங்கள் அழைப்புக் குறியையே தட்டிக்கொண்டிருந்தார். காத்திருந்திருக்கிறார், புண்ணியவான்! ஆனால் எறும்பு வேகத்தில். கொழும்போடு பேசியதைக் கேட்டு, இவருக்கு வருவதே அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார். இவரோ அதே வேகத்தில் பதில் தட்டுகிறார். சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது.

“வேகமாத் தட்டுங்களேன்! அவர் கெட்டிக்காரர், நான் கேட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

“கூப்பிட்ட வேகம்தாம்மா கணக்கு,” என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

இரண்டு கெட்டிக்காரர்களும் ஒருவருக்கொருவர் இரங்கி ஊர்ந்து ஊர்ந்து பேசி முடித்தார்கள். விடைபெறும் கடைசிப் புள்ளி வந்து சேர்ந்ததும் இரைச்சல் மூடிக்கொண்டது. அன்றைக்கு இவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

இப்போது அவருக்கு முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அவருக்காக நான் மெல்ல அடியெடுத்து வைக்கிறேன். இன்று காலை கோயிலுக்குக் கிளம்பி, வாசலில் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “நான் வேகமாத்தான் நடப்பேன். பாவம், இவளுக்காகத்தான் மெதுவா போறேன்.”

செய்தித்தாள் மேல் சாவியை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மெதுவாகப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.