பாதி கூட்டிய வீடு

மகள் முதன்முறையாக விமானம் ஏறுகிறாள். மலைமேல் இருக்கும் எங்கள் மன்னவனூரிலிருந்து மதுரைக்கு அவள் அப்பாதான் காரில் கொண்டுபோய் விட்டார். "மதுரையிலேருந்து சென்னைக்கு ஒன்னேகால் மணி நேரந்தாம்மா, பயப்படாத" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். காலடியில் தரையே இல்லாத ஒன்றேகால் மணி நேரம்! பயப்படாமல் எப்படி இருக்க? ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது என்பார்கள். அடுப்படியெங்கும் பூண்டுத் தோல் பறந்தும் நான் விளக்குமாற்றைத் தொடவில்லை. வெளியே விடாத மழை.

சாயங்காலம் போன் வந்தது. "எறங்கிட்டேம்மா."

போன உயிர் திரும்பி வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கூட்ட ஆரம்பித்தேன்.

"அப்பா வீட்டுக்கு வந்துட்டாராம்மா? என்னை விட்டதுமே கெளம்பிட்டாரு. கூப்பிட்டா போன் போகவே மாட்டேங்குது."

சன்னலுக்கு வெளியே பார்த்தேன். மூடுபனியில் மலைப்பாதையே தெரியவில்லை.

அதற்குள் பாதி வீட்டைக் கூட்டியிருந்தேன்.