எங்கள் டேங்க் ஒரு நாளும் நிறைந்ததில்லை

பிள்ளைகளே, நீங்கள் பள்ளியில் படித்த காலத்தில் மக்கள்தொகைப் பெருக்கத்தையும் சுற்றுச்சூழலையும் பற்றி ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள். பெரியவள் நோட்டோடு வந்து, "அப்பா, ரெண்டு பாயின்ட் சொல்லுங்க" என்றாள். நான் எட்டாவது வரை படித்தவன். இருந்தாலும் யோசிக்காமல் சொன்னேன்: "ஜனங்கள் பெருகியதால் நம் பகுதிக் கிணறுகள் கெட்டுப்போயின." அப்படியே எழுதிக்கொண்டு போனாள். வாத்தியார் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டிருந்தார். கொண்டுவந்து காட்டினாள். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

ஜனங்கள் பெருகியது உண்மை. கிணறு கெட்டதும் உண்மை. நடுவில் ஒரு ஆள் இருந்தான். அவனை நான் எழுதச் சொல்லவில்லை.

கள்ளிக்குப்பத்தில் நாம் வீடு கட்டியபோது நம் தெருவில் மொத்தம் நான்கு வீடுகள். மிச்சமெல்லாம் முள்ளும் கல்லும். முதலில் ஒரு கிரவுண்டு மனையாக அளந்துதான் கல் நட்டிருந்தார்கள். வாங்க ஆள் வர வர அந்தக் கல்லைப் பிடுங்கி அரை அரை கிரவுண்டாக நட்டுவிட்டார்கள். இருபதடி அகலம். அதற்குள் வீடு, கிணறு, கக்கூஸ் எல்லாம் வரவேண்டும். மேஸ்திரி கணக்கு ஒன்றுதான்: கிணறு ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு, செப்டிக் டேங்க் வாயு மூலை, வடமேற்கு. நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிறவன், எனக்கெதற்கு இந்த வாஸ்து என்று கேட்டேன். "உனுக்கு வாணாம்பா. நாளிக்கி ஊட்ட விக்கணும்னா எவன் வாங்குவான்?" என்றார். அந்த ஒரு கேள்வியே அந்தத் தெருவுக்குச் சட்டமானது.

டேங்க் கட்டும்போது இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். அடியில் தளம் போடாதே, வெறும் மண்ணாக விட்டுவிடு, தண்ணீரை மண்ணே குடித்துவிடும், லாரி கூப்பிட்டு அள்ள வேண்டிய வேலையே இருக்காது. அப்படியே செய்தேன். மேற்குப் பக்கம் காலி மனை. அங்கே எருமை மேய்ந்துகொண்டிருந்தது. எருமைக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

அந்தக் காலி மனைக்கு ஆளைக் கூட்டி வந்ததும் நான்தான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் பக்கத்து மிஷினில் வேலை செய்தவர், பூந்தமல்லிக்காரர், நீங்கள் பாய் மாமா என்று கூப்பிடுவீர்களே, அவர். யாரோ முகம் தெரியாதவன் வந்து உட்காருவதற்குப் பதில் தெரிந்த மனுஷன் வரட்டும் என்று ஒரு மாதம் அவரை விடாமல் நச்சரித்தேன். கடைசியில், "சரி அண்ணாத்தே, ஃபேக்டரிலயும் உன் மூஞ்சி, ஊட்லயும் உன் மூஞ்சின்னு எழுதிக்கீது போல" என்று சொல்லிக்கொண்டு வாங்கினார்.

அவர் வீட்டுக்குக் கிணறு தோண்டிய காலை எனக்கு மறக்காது. அவருடைய ஈசானிய மூலையும் என்னுடைய வாயு மூலையும் ஒரே இடத்தில் வந்து முட்டின. நடுவில் காம்பவுண்டுச் சுவர் ஒன்று, நாலடி மண். அவ்வளவுதான். அதே மேஸ்திரி அங்கே கயிறு பிடித்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கியேவா?" என்றேன்.

"ஈசானியத்த வுட்டுட்டு எங்க தோண்டறது?"

பாய் சிரித்தார். "அண்ணாத்தே, எங்க வாப்பா கேட்டா ஒதைப்பாரு. இன்னா பண்றது, மேஸ்திரி இந்த மூலைய வுட்டு நவுற மாட்டேங்கறாரு."

அப்போது நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். என் டேங்க்கில் தளம் இல்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்று, அவர் கிணற்றை வேறு மூலையில் தோண்டியிருப்பார். இல்லை, நான் டேங்க்கைத் திறந்து தளம் போட்டிருக்க வேண்டும். நாற்றம், கூலி, தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்க்கும். மண் வடிகட்டிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீ டம்ளரைக் கழுவ உள்ளே போய்விட்டேன்.

நாலு சிமென்ட் உறை இறக்கியதும் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். முதல் குடத்தை உங்கள் அம்மாவிடம்தான் கொடுத்தார்கள்.

அதன்பின் மூன்று நான்கு வருஷத்தில் தெரு வீடுகளால் அடைந்துவிட்டது. ஆவடிப் பக்கமிருந்தும் தெற்கேயிருந்தும் வேலைக்காக வந்தவர்கள். வீட்டுக்கு ஒரு கிணறு, ஒரு டேங்க். ஒவ்வொருவரும் மேஸ்திரி சொன்ன மூலையில் சரியாக வைத்தோம், ஒரு ஆள் தப்பவில்லை. மற்ற வீட்டு டேங்க்குகள் நிறைந்து லாரி வரும்போதெல்லாம் நான் வாசலில் நின்று பெருமை பேசுவேன். எங்கள் டேங்க் ஒரு நாளும் நிறைந்ததில்லை! பாய்கூட ஒருமுறை கிண்டல் பண்ணினார்: "உங்க ஊட்ல சாப்படறீங்களா இல்லியா? எங்கதான் போவுது எல்லாம்?"

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

ஒரு ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறியது. பாய் வீட்டுக் கிணற்றில் கை விட்டு மொள்ளலாம் போல இருந்தது. தண்ணீரில் லேசாக ஒரு வாடை. மழைத்தண்ணி வாடை என்றார்கள். அவருடைய பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. சின்னவனே, உன்னோடு ஒரே ரிக்‌ஷாவில் பள்ளிக்குப் போனவள். அவளுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து அவள் தம்பிக்கும். பையன் தேறிவிட்டான். பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது அவள் கை, தோல் போர்த்திய குச்சியாகத் தலையணைமேல் கிடந்தது. "மாமா, ஒங்க ஊட்டு நாய்க்குட்டி கண்ணு தெறந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சுகாதார ஆபீசிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார். பிறகு சுவரை எட்டிப் பார்த்து, "இது யாருடைய டேங்க்?" என்றார்.

"என்னுதுதான் சார்."

"அடியில தளம் இருக்கா?"

தெரு ஜனம் சுற்றி நின்றது. பாய் என் பக்கத்தில்தான் நின்றார்.

"போட்டிருக்கு சார். கான்கிரீட்."

அவர் என் முகத்தையே பார்த்தார். அதற்குள் பாய் முந்திக்கொண்டார். "சார், அண்ணாத்தே சுத்தமான ஆளு. அவர் ஊட்ல இருந்து வராது. நீங்க அந்தப் பக்கம் பாருங்க."

அந்தப் பக்கம் என்றால் ஏரிக்கரைக் குடிசைகள். உடனே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். எங்கிருந்தோ வந்து குவிகிறார்கள், வரைமுறையில்லாமல் பெற்றுப் போடுகிறார்கள், ஜனம் பெருத்துப்போச்சு சார். நானும் தலையாட்டினேன். அந்தக் குடிசைகளில் ஒன்றில்கூட டேங்க் கிடையாது. அவர்களுடைய அசுத்தம் வெட்டவெளியில் வெயிலில் காய்ந்தது. பூமிக்கடியில் இறக்கி அடுத்த வீட்டுக்கு அனுப்பும் வசதி எங்களுக்குத்தான் இருந்தது.

பெண் பிழைத்துவிட்டாள். ஒரு வருஷப் படிப்பு போயிற்று. அவள் அம்மா, "இந்தத் தண்ணி வாணாம், இந்த ஊரே வாணாம்" என்று சொல்லிவிட்டார்கள். பூந்தமல்லியில் வாப்பா வீட்டுக்கே திரும்பிப் போவதென்று முடிவானது. மூன்று சக்கர வண்டியில் சாமான் ஏற்றிய அன்று பாய் என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"வாங்கறவங்க வந்தா நீயே தொறந்து காட்டு அண்ணாத்தே. உன்ன வுட்டா எனுக்கு இங்க யாரு கீறாங்க?"

அப்போதும் சொல்லவில்லை. வாய் வரை வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை.

பின்னால் நமக்குக் கிழக்கே மிச்சமிருந்த மனையில் ஒருவர் வீடு கட்டினார். அவருடைய வாயு மூலை நம் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்தது. அடியில் தளம் போட்டீர்களா என்று கேட்டேன். "போட்டிருக்கு சார், கான்கிரீட்" என்றார், என் கண்ணைப் பார்த்தே. அவரைக் கேட்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. நம் கிணறும் கெட்டு, குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நீங்கள் வரிசையில் நின்றது அதற்கப்புறம்தான். நீங்கள் அதையும் ஜனத்தொகை என்றே நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

பாய் போன மறுவாரம் புரோக்கர் ஒருவன் வந்து அவர்கள் காம்பவுண்டுச் சுவரில் காவிப் பெயின்டில் எழுதிவிட்டுப் போனான்: வீடு விற்பனைக்கு. அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்: நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை அம்மாவோடு பூசைக்கு அனுப்பிவிட்டு, தலைவலி என்று நான் வீட்டில் தங்கினேன். தெருவில் ஆள் இல்லை. ஒரு வாளித் தண்ணீரும் உடைந்த செங்கல் துண்டும் எடுத்துக்கொண்டு போய், அந்தச் சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கீழ் வரியைத் தேய்த்தேன். பெயின்ட் சுலபத்தில் போகவில்லை. சுண்ணாம்பு உதிர்ந்து பூச்சும் பெயர்ந்தது. 'கிணறு உண்டு' என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். பிறகு வாளியைக் கவிழ்த்துக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.