நிக்கிறது யாரு?

ஆவடி மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், ஒரு சின்னக் கட்சி என்னை வேட்பாளராக்கியது. வீடு வீடாகப் போய்ப் பேசியதெல்லாம் என் கணவர்தான். நான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

கோவில்பதாகையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவரை இடைமறித்தாள். "நிக்கிறது யாரு, நீயா இந்தம்மாவா? அவங்க வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?"

"அவளுக்குப் பேச வராதும்மா" என்று சிரித்தார் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடம் தனியார் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான்!

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். மஞ்சளாக வரும் அந்தக் குழாய்த் தண்ணீரில் ஆரம்பித்து, அன்றுதான் எனக்காக நானே வாக்குக் கேட்டேன்.

தோற்றுப்போனேன். கணவர் மேலிருந்த கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அத்தனை நாள் வாய் திறக்காமல் கும்பிட்டுக்கொண்டு திரிந்தேனே, அந்தக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.