கலப்பத்துக்கார லூர்துசாமி

“மேஸ்திரி, கலப்பத்து எப்ப முடியும்?” என்று படகுக்காரர்கள் கேட்டால், “அந்த வேலையா? வெள்ளிக்கெழம பாத்துக்கலாம்” என்பார் லூர்துசாமி, நிமிராமலே. கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் முப்பது வருஷமாக அவர் செய்வது அந்த ஒரு வேலைதான். போன வருஷத்திலிருந்து அதன் பெயரை மட்டும் அவர் வாய் சொல்வதில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மரப் படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருக்கும். எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை அதில் வைத்து, மழுங்கிய உளியாலும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியாலும் அடித்து இறுக்குவதுதான் கலப்பத்து. அதற்கு மேலே பூசுகிற குங்கிலியச் சாந்து வெறும் மேல்பூச்சு. முடிந்ததும் படகுக்குள் தண்ணீர் ஊற்றி, வெளியே கசிகிறதா என்று பார்ப்பார்கள். லூர்துசாமி பார்ப்பதில்லை, தடவுவார். “கண்ணுக்கு இன்னா தெரியும்? கைய வெச்சுப் பாரு” என்பார்.

ஓட்டையைக் கண்டால் மனிதருக்குக் கை சும்மா இருக்காது. வேளாங்கண்ணிக்குப் போன பஸ்ஸில் ஜன்னலோரம் மழை ஒழுகியதற்கு வேட்டி நுனியைக் கிழித்து அடைத்தவர் அவர். “புது வேட்டிங்க அது!” என்று மனைவி மங்கலம் நாகப்பட்டினம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். சுனாமி அவர் அடித்த படகுகளைத் தூக்கித் தெருவில் போட்டபோதுகூட ஓர் இணைப்பும் விடவில்லை என்று ஊரே சொன்னது. அந்தப் பெருமையெல்லாம் இப்போது போன இடம் தெரியவில்லை.

2009இல் மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு நாள் இருந்தது. வைத்திலிங்கத்தின் விசைப்படகில் அடிமரத்தோரம் ஒரே ஓர் இணைப்பு பாக்கி. பழைய பஞ்சை நோண்டி எடுத்தாயிற்று. புதிதாக அடிக்க இரண்டு நாளாவது வேண்டும்.

“சாந்த மட்டும் பூசி உடுங்க மேஸ்திரி. எல்லாரும் நாளைக்கி எறங்கறாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார் வைத்திலிங்கம்.

லூர்துசாமி பூசினார். தண்ணீர் ஊற்றவுமில்லை, தடவிப் பார்க்கவுமில்லை.

இரண்டாவது பயணத்தில் கிள்ளை ஊருக்கு நேரே கடலில் படகு மூழ்கியது. நான்கு பேர் நீந்தி வந்தார்கள். தேவனாம்பட்டினம் பழனிவேல் வரவில்லை. கரையொதுங்கிய பலகையில் சாந்து இருந்தது, பஞ்சு இல்லை. வைத்திலிங்கம், லூர்துசாமி இருவர் மேலும் சிதம்பரத்தில் வழக்கு நடந்தது. படகு இறங்குமுன் கலப்பத்து அடித்தாயிற்று என்று இருவருமே மீன்துறைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

“அப்டின்னா இன்னான்னு கேப்பாங்க. மேல பூசற சாந்துன்னு சொல்லிடுங்க. இங்க யாருக்குத் தெரியும்?” என்றார் வக்கீல். மகள் ரேகா அப்போது நர்சிங் கடைசி வருஷம். அப்பன் ஜெயிலுக்குப் போனால் அவள் கதி என்ன என்று லூர்துசாமி யோசித்தார்.

நீதிபதி கேட்டார். “மேல சாந்து பூசறதுதாங்கய்யா” என்றார் லூர்துசாமி. அப்படியே எழுதிக்கொண்டார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பழனிவேலின் மனைவி ரத்தினம்மாள். அவளும் ஒரு படகுக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள், கலப்பத்து என்னவென்று தெரிந்தவள். உட்காரச் சொன்னார்கள்; உட்கார்ந்துவிட்டாள்.

இருவருக்கும் விடுதலை. ரேகாவும் வேலைக்குப் போய்விட்டாள். ஆனால் இவரைப் பார்த்தால் விடுதலையானவர் மாதிரியா இருக்கிறது? சோறு இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறார், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் போவதில்லை. போனால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஒரே இணைப்பில் மூன்று தரம் பஞ்சு அடிக்கிறார். அடித்து என்ன? பழனிவேல் எழுந்து வரப்போவதில்லை, அது அவருக்கும் தெரியும்.

போன வாரம் ரத்தினம்மாள் மீன்கூடையோடு பட்டறைக்கு வந்தாள். அவர் ஒரு படகின் அடியில் குந்தி, பழைய பஞ்சை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவள் கூடையை இறக்கினாள். அழவில்லை, ஏசவில்லை.

“அண்ணே, கலப்பத்துன்னா இன்னா? கோர்ட்டுல சொன்னியே. எனக்கும் ஒரு தரம் சொல்லு.”

ரத்தினம்மாள் குனிந்து பலகையைப் பார்த்தாள். லூர்துசாமி உளியைப் போட்டுவிட்டு, திறந்து கிடந்த அந்த இடுக்கை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.