பிரிக்காத கட்டு

அவரை எல்லோரும் ‘லீவு அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது வருடத்தில் அவர் லீவு எடுத்து நான் பார்த்ததில்லை. மற்ற தபால்காரர்கள் லீவு போட்டால் அவர்கள் தெருவுக்கு இவர் போவார். அதனால் வந்த பெயர். சொந்தமாக ஒரு தெரு கிடையாது, ஒரு பைகூடக் கிடையாது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தேய்வது அக்காவின் செருப்புதான்.

நான் தபால் பிரிக்கிறவன். வீட்டு எண் பார்த்து அடுக்கி, ஒரே வீட்டுக்கு நாலைந்து வந்தால் நூல் போட்டுக் கட்டித் தருவேன். பெயரைப் படிக்காதே, எண்ணைப் படி, கட்டியதைப் பிரிக்காதே. எங்கள் ஆபீசில் இதுதான் வேதவாக்கு.

அந்த வருடம் தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. நாற்பது வயது தாண்டியவர்களுக்குக் கிடையாது. அக்காவுக்கு நாற்பது ஆக நாலே மாதம். நேர்காணலுக்கு வீட்டுக்குக் கடிதம் வரும், அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்றார்கள்.

“வேலை நிரந்தரமானா முதல்ல என்னக்கா பண்ணுவீங்க?”

“ஒரு நாள் லீவு போடுவேன்.”

ஆபீசே சிரித்தது.

இன்னும் இரண்டு தற்காலிக ஆட்களுக்குக் கடிதம் வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. தலைமை அலுவலகத்தில் கேட்டால், எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பியாகிவிட்டது, இன்னொரு பிரதி தர முடியாது என்று கையை விரித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் வீடு நாற்பத்தொன்று; இலக்கத்தைத் திருப்பிப் படித்தால் பதினாலு. அதே தெருவில் பதினாலாம் எண் வீடு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. கடிதம் வந்திருக்க வேண்டிய அன்று, பக்கத்து மேசைக்காரனோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே கட்டு கட்டியவன் நான். அன்று லீவுக்கு அந்தத் தெருவில் போனதும் அக்காதான்.

இரண்டு பேரும் போய்ப் பதினாலாம் வீட்டுக் கதவுத் துவாரத்தில் குனிந்து பார்த்தோம். உள்ளே தரையில் நான் நூல் போட்ட கட்டு. அடியில் நீளமான பழுப்பு உறை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. தலைமை அலுவலக முத்திரைகூடத் தெரிந்தது. கை எட்டவில்லை. வீட்டுக்காரர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

“நான்தாங்க்கா தப்பா கட்டிட்டேன்.”

“போட்டது நான்தானே,” என்றார். நிமிர்ந்து, “என் கையாலயே போட்டிருக்கேன்,” என்றார்.

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. இன்றைக்கும் அந்தப் பக்கத்து மேசைக்காரன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் என்ன செய்வான், பாவம். கட்டியது என் கை.

வெள்ளிக்கிழமை கடிதம் இல்லாமலே நேர்காணலுக்குப் போனார். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் யாருக்கோ பல்வலி. அக்கா பையை மாட்டிக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து அந்த உறை என் மேசைக்கே வந்தது. வீட்டுக்காரர் எப்போதோ வந்து போயிருக்கிறார். ‘இந்த வீடு அல்ல’ என்று எழுதித் திரும்பத் தபாலில் போட்டிருந்தார். அக்காவுக்கு நாற்பது ஆகியிருந்தது. அன்றைக்கும் அந்தத் தெருத் தபால்காரருக்கு லீவு.

உறையை அவரிடம் நீட்டினேன். அக்கா எண்ணைப் பார்த்தார். நாற்பதாம் வீட்டுக் கடிதத்துக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் செருகினார்.

“பிரிச்சுப் பாருங்கக்கா.”

“வரிசை கலைஞ்சிடும் தம்பி. வீடு வரும்போது போட்டுக்கறேன்.”

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.