முன்னிக்கு அரைத்த கொள்ளு

ஷாயிஸ்தாவின் கல்யாணத்தில் நகை நட்டைவிட அதிகம் பேசப்பட்டது ஒரு குதிரைக்குட்டி. வாணியம்பாடியில் ஜட்கா ஓட்டிய அவள் அப்பாவிடம் பவுன் கிடையாது. வெள்ளைப் பெண்குட்டி ஒன்று இருந்தது, அதையே சீராகக் கொடுத்துக் குரோம்பேட்டைக்கு அனுப்பிவைத்தார். அன்றைக்குச் சிரித்தவர்கள் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். முன்னி என்ற அந்தக் குட்டிதான் வளர்ந்து இருபது வருஷம் ஜி.எஸ்.டி. ரோட்டு மண்டபங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்து அந்தக் கூட்டுக்குடும்பம் மொத்தத்துக்கும் சோறு போட்டது. எதிர்வீட்டிலிருந்து பார்த்தவள் நான், கூட்டிச் சொல்லவில்லை.

2005 தை மாதம் பல்லாவரத்தில் ஒரு வடநாட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை குதிரை ஏறும் முன் அவன் அக்கா ஊறவைத்த கடலைப்பருப்பைக் கையில் ஏந்தி ஊட்ட வேண்டும், குதிரை தின்ன வேண்டும். அது அவர்கள் வழக்கம். முன்னி வாயில் வாங்கியது, இப்படியும் அப்படியும் உருட்டியது, பிறகு மொத்தத்தையும் அந்த அம்மாளின் பட்டுப்புடவை மேல் துப்பிவிட்டது. பேண்டு வாத்தியமே நின்றுபோனதாம். அபசகுனம் என்று வேறு குதிரை கேட்டார்கள்.

தொழிலுக்கு முதலாளி ஷாயிஸ்தாவின் கணவர் ஃபைஸ் இல்லை, அவருடைய அண்ணன் ஹிதாயத்துல்லா பாய். மனைவி இறந்துபோன பிறகு அவருக்கும் ஷாயிஸ்தா கைச்சோறுதான். வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "மானத்த வாங்கிட்ச்சு. ரெட்ஹில்ஸ்ல தரகன் ஒருத்தன் கீறான், பேசிட்டேன். மாசக் கடைசில வந்து ஓட்டிகினு போவான்."

தரகனிடம் போன கிழட்டுக் குதிரைகள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் தூக்கம் போய்விடும்.

முன்னி ஒரு வருஷமாகவே இளைத்துக்கொண்டு வந்தது. குதிரை இளைத்தால் கொள்ளு. அந்தக் குடும்பத்துக்கு வேறு வைத்தியம் தெரியாது. ஃபைஸ் ஒரு படியை இரண்டு படியாக்கினார். அப்படியும் விலா எலும்பு துருத்திக்கொண்டுதான் நின்றது. கல்யாணத்துக்கு மறுநாள் லத்தி அள்ளும்போது ஷாயிஸ்தா குச்சியால் கிளறிப் பார்த்தாள். போட்ட கொள்ளு முழுசு முழுசாக அப்படியே வந்திருந்தது. தீனித் தொட்டியடியில் பாதி மென்ற வைக்கோல் உருண்டை உருண்டையாகக் கிடந்தது.

"இத்தன நாளா பசியோட நின்னுகினு இருந்திருக்காக்கா. நாங்க அவளுக்குத் திமிருன்னு நெனச்சோம்" என்று என்னிடம் சொல்லி அழுதாள். அழுகை கொஞ்ச நேரம்தான். பிறகு கோபம் வந்தது, அது லேசில் போகவில்லை.

தாம்பரத்திலிருந்து மாட்டு டாக்டர் லாசரஸை ஆட்டோவில் கூட்டிவந்தாள். அவர் முன்னியின் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்து, குத்திக்கொண்டிருந்த முனைகளை அரத்தால் தேய்த்துவிட்டார். "கடவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சும்மா. இனிமே மெல்ற தீனி வேணாம். ஊறவச்சு, மசிச்சு, கொஞ்சம் கொஞ்சமா பல தடவ குடுங்க. ஒரே நாள்ல மாத்திடாதீங்க, வயித்துவலி வந்துடும்" என்றார்.

அவர் போனதுதான் தாமதம், தெரு முழுக்கக் குதிரை வைத்தியர்கள். பால்காரி முனியம்மா பழைய சோறு போடச் சொன்னாள். டிபன் கடை சம்பத் மிஞ்சிய இட்லி மாவை வாளியில் அனுப்பினார். புளித்தது வயிற்றை ஊதவைக்கும் என்று ஷாயிஸ்தா வாளியைத் திருப்பிவிட்டாள். என் பங்குக்கு நான் ரொட்டி என்றேன், காதிலேயே வாங்கவில்லை. அவளாகவே ஒரு வழி பண்ணிக்கொண்டாள். கோதுமைத் தவிட்டை வெந்நீரில் ஊறவைப்பாள். இளம்புல்லை அரிவாள்மனையில் கீரை மாதிரி பொடியாக நறுக்குவாள். கொள்ளைக் குழைய வேகவைத்து, ஆறவிட்டு, வீட்டு கிரைண்டரில் அரைப்பாள். கொஞ்சம் உப்பு, ஒரு கரண்டி கடலை எண்ணெய்.

கிரைண்டரில்தான் சண்டை பற்றிக்கொண்டது.

"மனுசன் துன்றத அரைக்கிற மிஷின்ல குதிரத் தீனியா? இன்னா வூடு இது?" என்று ஹிதாயத்துல்லா பாய் குதித்தார்.

"அவ ஒழச்ச காசுல வாங்கின மிஷின், பெரிய மச்சான். அவளுக்கு ஆவாதுன்னா யாருக்கும் ஆவாது" என்றாள் ஷாயிஸ்தா. சொன்னதோடு விடவில்லை, கிரைண்டரைக் குதிரைக் கொட்டகைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அதன்பின் அந்த வீட்டு இட்லிக்கு மாவு என் வீட்டிலிருந்துதான் போனது. பாய் அதைத் தின்னும்போதெல்லாம் எனக்குப் பரம திருப்தி.

மாசக் கடைசியில் தரகன் டெம்போவோடு வந்தான். ஷாயிஸ்தா கொட்டகை வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்து புல் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இது என் சீரு. விக்கணும்னா நான் சொல்லணும். நான் சொல்லல. வண்டிய எடு."

தரகன் பாயைப் பார்த்தான். பாய் தம்பியைப் பார்த்தார். ஜென்மத்தில் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஃபைஸ், தரையைப் பார்த்துக்கொண்டு, "அவளுதுதாண்ணே" என்றார். டெம்போ வெறுமனே திரும்பிப் போனது.

அந்த வருஷத்து மழை ஓய்வதற்குள் முன்னியின் விலா மறைந்துவிட்டது. உடம்பு மினுமினுத்தது. தெருவில் போகிறவர்கள் புதுக்குதிரையா என்று விசாரித்தார்கள். அதுவே வினையாகப் போயிற்று. தை பிறந்ததும் பாய் கொட்டகைக்கு வந்தார், முன்னியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார், சிரிக்கவும் செய்தார். நானும் ஏதோ சாக்கில் அங்கே நின்றேன்.

"நல்லா தேத்திட்டம்மா. தாம்பரத்துல பெரிய பார்ட்டி. வெள்ளக் குதிரதான் வேணுமாம். ஜிகினாலாம் போட்டு ரெடி பண்ணு."

"அவ வரமாட்டா மச்சான்."

"ஏன், அதான் குண்டாயிட்ச்சே?"

"சவாரிக்குன்னு நான் அரைக்கல. அவ சொமந்தது போதும்."

"வேலைக்கு ஆவாத குதிரைக்கு எதுக்கு இப்டி அரைச்சு அரைச்சுக் கொட்டற? ஒரு நாயம் வாணாவா?"

கிரைண்டர் கல்லை வழித்துக்கொண்டிருந்த ஷாயிஸ்தா கையை எடுத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒங்களுக்கும் பல்லு கொட்டும் மச்சான். வேலைக்கு ஆவாம படுப்பீங்க. அப்போ நான்தான் அரைச்சு ஊட்டணும். ஊட்டணுமா, வாணாமா? இப்பவே சொல்லிடுங்க, ஒங்க நாயத்தையே நானும் வச்சுக்கறேன்."

பாய் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, தாம்பரத்துக்காரர்களிடம் தன்னிடம் வெள்ளைக் குதிரை இல்லை என்றார்.